குழிக்குள் படித்த இத்தாலி பாஷை

சுத்தியலைக் கட்டைவிரல் மேல் போட்டுக்கொள்ளும்போது என் வாயிலிருந்து வருவது தமிழ் இல்லை என்பதை பிள்ளைகள் நீங்கள் மூன்று பேரும் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். கன்னடமும் இல்லை, உருதுவும் இல்லை. அதைக் கான்வென்டில் போய்ச் சொல்லி, அங்கே அத்தனை சிஸ்டர்கள் இருக்க, இத்தாலியில் பிறந்த ஒரே ஒரு சிஸ்டரின் காதில் விழும்படி சொல்லி, வராந்தாவில் முட்டிபோட்டவள் உங்களில் மூத்தவள். மறுநாள் அந்த சிஸ்டர் என்னை வரச்சொல்லி, "இதையெல்லாம் எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டார். "ஃபாக்டரியில், சிஸ்டர்" என்றேன். "அது என்ன மாதிரி ஃபாக்டரி?" என்றார். பதில் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எட்டாம் கிளாஸோடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், அதற்காகச் சிரிக்காதீர்கள். சிரிப்பதற்கு வேறு இடம் நிறைய இருக்கிறது.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். நாம் ஆஸ்டின் டவுனில் வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். நான் தகர டப்பா செய்யும் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். சரியாகச் சொன்னால் டெம்பரரி ஃபிட்டர். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் என் பெயரை ரிஜிஸ்டரில் அடித்துவிட்டு, மூன்று நாள் வீட்டில் உட்காரவைத்து, நாலாம் நாள் புது ஆளைப் போல மறுபடி எழுதிக்கொள்வார்கள். இப்படி ஏழு வருஷத்தில் நான் பதினாலு தரம் புதுசாக வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் மேஸ்திரி கன்னடக்காரர். தினமும் என்னோடு உட்கார்ந்து டீ குடிப்பவர். ஆனாலும் ஒவ்வொரு நாலாம் நாளும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "ஏனப்பா, மிஷின் கெலச கொத்தா?" என்று, மிஷின் வேலை தெரியுமா என்று, கேட்பார். "ஸ்வல்ப ஸ்வல்ப கொத்து சார்" என்பேன், கொஞ்சம் கொஞ்சம் தெரியும் என்று. சட்டம் அப்படி.

அந்தச் சமயத்தில் இத்தாலியிலிருந்து ஒரு பிரஸ் வந்தது. துணி தேய்ப்பது இல்லை. தகட்டை ஒரே அமுக்கில் மூடியாக்கித் தள்ளுகிற மிஷின். இரண்டு ஆள் உயரம். பதினோரு மரப்பெட்டியில் வந்தது. அதோடு கூட, பெட்டியில் அடைக்காமல், ஒரு இத்தாலிக்காரரும் வந்தார். மிஷினை நிறுத்தி ஓட்டிக் காட்டிவிட்டு, நாலு மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவார். குள்ளமான மனிதர், கழுத்தே இல்லை, மீசை மட்டும் இரண்டு பேருக்குப் போதும்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. வெள்ளைத்தோல் ஒருவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதை நம்ப எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. கன்டோன்மென்ட்டில் பிறந்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். அப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததே இல்லை. "நடிக்கிறான்பா. நம்ம பேசறத எல்லாம் கேட்டுக்கினு போயி மானேஜர் கிட்ட வத்தி வைப்பான்" என்று சிலர் அவர் பக்கத்தில் பேசவே பயந்தார்கள்.

மானேஜர் எங்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார். தலைமுறை தலைமுறையாக மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பம் அவருடையது. அதனால் எதைச் சொன்னாலும் உத்தரவு போலத்தான் வரும்.

"இந்த பிரஸ் ஓட ஆரம்பிச்சா கை பிரஸ் ஆறும் வெளியே போயிடும். அதுல இருக்கற டெம்பரரி ஆட்களும்..." என்று சொல்லிக் கையை வாசல் பக்கம் காட்டினார். "புது மிஷினுக்கு ஒரே ஆள். அவன் பர்மனென்ட். அது யாருன்னு இந்த மனுஷர் போறப்போ எழுதிக் கொடுப்பார். அவர் பேசறது புரிஞ்சாத்தானே அவர் சொல்லிக்கொடுக்க முடியும்? பாஷை கத்துக்கறவா கத்துக்கலாம்."

நான் கை பிரஸ் டெம்பரரி. ஆகவே எனக்கு இரண்டே வழி: இத்தாலி பாஷை, இல்லாவிட்டால் வாசல். வயது முப்பத்தேழு. மூன்று பிள்ளைகள். அது வரைக்கும் இத்தாலி என்றால் எனக்குத் தெரிந்தது போப்பாண்டவர் ஒருவரைத்தான்.

என்னோடு கூடப் போட்டிக்கு வந்தவர் ஒருவர்தான். டிப்ளமா படித்தவர், ஃபாக்டரியில் அவர் பெயரே டிப்ளமா. அவரும் டெம்பரரிதான், ஆனால் மேஜை உள்ள டெம்பரரி. அவர் கெட்டி அட்டை போட்ட இத்தாலிய இலக்கணப் புத்தகம் ஒன்றை மதராஸிலிருந்து தபாலில் வரவழைத்தார். நான் அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாத ஒன்றை எடுத்தேன். ஒரு காலத்தில் இத்தாலிக்குச் சுற்றுலா போன இங்கிலீஷ் சீமாட்டிகளுக்காக அச்சடித்தது. ஒரு பக்கம் இங்கிலீஷ், மறு பக்கம் அதே வாக்கியம் இத்தாலியில். வாய்ப்பாடு போல ராகம் போட்டு மனப்பாடம் செய்தேன். "என் குடையைக் காணவில்லை." "இந்தப் படுக்கை ஈரமாக இருக்கிறது." "வண்டிக்காரரே, உமது குதிரை நொண்டுகிறது." நாற்பது வாக்கியம் முடித்ததும் பாதி இத்தாலியை வாங்கிவிட்ட மாதிரி இருந்தது.

முதல் சந்தர்ப்பம் ஒரு திங்கட்கிழமை வந்தது. பெட்டிகளைத் தள்ளும் டிராலியில் ஒரு சக்கரம் ஆடியது. இத்தாலிக்காரரிடம் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்த நாற்பதில் எது பக்கத்தில் வரும் என்று யோசித்து, டிராலியைக் காட்டி, தெளிவாக, "வண்டிக்காரரே, உமது குதிரை நொண்டுகிறது" என்றேன்.

அவர் டிராலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கேட் வரைக்கும் போய்த் தெருவில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷம் பேசினார். அதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. அந்தப் புத்தகத்தின் குறை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாம் என்ன கேட்கலாம் என்று அதில் இருந்ததே தவிர, எதிராளி என்ன பதில் சொல்வான் என்று ஒரு வரி இல்லை. சீமாட்டிகள் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

அடுத்தது கோயில். நான் சிறுவனாக இருந்தபோது எட்டு வருஷம் பூசைக்கு உதவி செய்தவன். சாமியார் பீடத்தில் லத்தீனில் சொல்லச்சொல்ல, நான் முழங்காலில் இருந்து லத்தீனில் பதில் சொல்வேன். அர்த்தம் எங்கள் இருவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். எங்கள் இருவர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம். மணியடிக்கிற கோயில்பிள்ளை என்னைத் தேற்றினார். "லத்தீன் அம்மா, இத்தாலி மக. அம்மாவ கூட்டிக்கினு போனா மக கதவத் தொறக்காம இருப்பாளா? தைரியமா பேசு."

தைரியமாகவே பேசினேன். மறுநாள் காலை இத்தாலிக்காரர் உள்ளே வந்ததும், பூசையில் சொல்கிற அதே ராகத்தில், கையை விரித்து, ஒரு நல்ல நீளமான லத்தீன் வாக்கியமாக எடுத்து விட்டேன். அவர் சட்டென்று தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, யார் போய்விட்டார்கள் என்பது போல் சுற்றிலும் பார்த்தார். அவர் ஊரில் லத்தீன் அவர் காதில் விழுந்ததெல்லாம் சாவு வீட்டில் மட்டும்தானாம். அது எனக்குப் பின்னால் தெரிந்தது. அவர் கோயில் பக்கமே போகாதவர். ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துவிட்டு வராந்தாவில் சாய்ந்துகொண்டு சுருட்டுப் பிடிப்பதைப் பார்த்தவர்கள் வந்து சொன்னதும் உங்கள் அம்மா இடிந்துபோனாள்.

"போப்பாண்டவர் ஊர்லேர்ந்து வந்துட்டு பூசைக்கு வரலையா? ஏங்க, அந்த ஆளு நெஜமாவே இத்தாலிதானா? நல்லா விசாரிச்சீங்களா?"

ஒரு மாதம் போய்விட்டது. டிப்ளமா இதற்குள் "காலை வணக்கம் ஐயா, தாங்கள் நன்றாகத் தூங்கினீர்களா?" வரைக்கும் வந்துவிட்டார். மானேஜர் போகும் வழியில் நின்று அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்.

பிறகு குழி வந்தது.

மிஷின் நிற்பதற்கு இரண்டடி ஆழத்துக்குத் தரையில் குழி எடுத்துக் காங்கிரீட் போட்டிருந்தது. மிஷினின் அடித்தட்டைச் சங்கிலியில் தூக்கிக் குழிமேல் வைத்தாயிற்று. இனி அதை மட்டம் பார்க்க வேண்டும். மேலே அவர் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு குமிழியைப் பார்ப்பார். கீழே ஒருவன் குழிக்குள் மல்லாந்து படுத்து ஜாக்கியைத் திருப்பித் தட்டை மயிரளவு ஏற்றவும் இறக்கவும் வேண்டும். சரியாக வந்ததும் நடுவில் மெல்லிய தகட்டைச் செருக வேண்டும். எண்ணெய், தண்ணீர், தவளை எல்லாம் உள்ள இடம். டிப்ளமா வெள்ளைச் சட்டையைக் காட்டினார். நான் இறங்கினேன்.

உள்ளே படுத்த பிறகுதான் தெரிந்தது, அவர் கையை ஆட்டுவது எனக்குத் தெரியாது. முகமும் தெரியாது. குரல் மட்டும் வரும். மேலேயிருந்து "சூ!" என்று வந்தது. யாரோ கோழி விரட்டுகிறார்கள் என்று பேசாமல் இருந்தேன். மறுபடி "சூ! சூ!" அப்புறம் தட்டுக்கும் தரைக்கும் நடுவில் அந்த மீசை தலைகீழாக வந்தது. அவர் வயிற்றில் படுத்துக் கையை உள்ளே விட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து, ஜாக்கியை மேலே திருப்பினார். "சூ." கீழே திருப்பினார். "ஜூ." மெதுவாகத் திருப்பினார். "பியானோ." என் கையை அப்படியே அசையாமல் அமுக்கிப் பிடித்தார். "ஃபெர்மோ." பிறகு தலை மேலே போய்விட்டது.

அவ்வளவுதான் பாடம். அதற்கப்புறம் மூன்று மணி நேரம் குரல் மட்டும். இறுக்கு, தளர்த்து, இன்னும், போதும், இடது, வலது. தப்பாகச் செய்தால் "ஆசினோ!" என்று வரும். அதற்கு ஜாக்கியில் எந்த வேலையும் இல்லை. அது நான்தான் என்று தானாகவே புரிந்துகொண்டேன். கழுதை. ஒரு தரம் ஃபெர்மோ என்றபோது நில்லாமல் அரைச்சுற்று சுற்றிவிட்டேன். விரல் நசுங்கி நகம் கறுத்துப்போயிற்று. அந்த நகம் பின்னால் விழுந்து வேறு முளைத்தது. அந்தச் சொல் விழவில்லை.

சாயங்காலம் குழியிலிருந்து ஏறும்போது ஒன்றைக் கவனித்தேன். கடைசி ஒரு மணி நேரமாக நான் எதையும் தமிழில் நினைக்கவே இல்லை. அவர் "ஜூ" என்றதும் கை இறக்கியது. நடுவில் இது என்ன, தமிழில் இதற்கு என்ன என்று விசாரித்துக் கையெழுத்துப் போட ஒரு ஆபீசர் இல்லை. ஒரு மாதம் வாயால் படித்தது ஒன்றும் நிற்கவில்லை. ஒரு பகல் கையால் படித்தது பன்னிரண்டு சொல், பன்னிரண்டும் நின்றது.

ரிச்மண்ட் டவுன் வழியாக சைக்கிளை மிதிக்கும்போது உங்களில் கடைக்குட்டியை நினைத்துக்கொண்டேன். நாலு வயது அப்போது. அவள் எப்படிப் பேச வந்தாள்? முதல் வருஷம் முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. நாம்தான் அவளை ஏவிக்கொண்டே இருந்தோம். வா, குந்து, கை தட்டு, அதைத் துப்பு, தொடாதே. அவள் செய்தாள். செய்து செய்து ஒரு நாள் பேசினாள். இவ்வளவு சின்னது அதைச் செய்திருக்கிறது. எனக்கு மட்டும் எதற்குக் குடையும் குதிரையும்? அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். ஒரு மாதத்துக்கு இத்தாலியில் வாயைத் திறப்பதில்லை. எவ்வளவு ஏவல் கிடைக்குமோ அவ்வளவும் வாங்குவது, செய்வது. சீமாட்டிகளின் புத்தகத்தை உங்கள் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதை ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு முட்டுக்கொடுத்தாள். அந்தப் புத்தகத்தால் நம் குடும்பத்துக்கு விளைந்த ஒரே நன்மை அது.

மறுநாளிலிருந்து இத்தாலிக்காரருக்கு நான் நிழல். ஃபாக்டரியில் ஸ்பேனர் எடு, துடை, பிடி, விடு. சனிக்கிழமை அவரோடு ரசல் மார்க்கெட்டுக்குப் போவேன். தக்காளியைத் தூக்கு, அது வேண்டாம், பக்கத்தில் உள்ளதை, அழுகலை அவன் மூஞ்சியில் எறி. கடைசியை மட்டும் செய்யவில்லை. ஃபாக்டரியில் என்னை இத்தாலிக்கு எடுபிடி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டிப்ளமா ஒரு நாள் டீ குடிக்கும்போது எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இன்னாப்பா, பாஷை கத்துக்கறேன்னு போனவன் நாக்க எங்க வச்சிட்டு வந்த?"

"குழியில உளுந்துட்சி. தேடிக்கினுதான் இருக்கேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் மனசுக்குள் நாளை எண்ணினேன். மாதம் இரண்டு முடியப்போகிறது.

ஃபாக்டரியில் கிடைத்த ஏவல் எனக்குப் போதவில்லை. அதற்குத்தான் நீங்கள். சாயங்காலம் டீ குடித்ததும், அன்றைக்குக் கேட்ட கட்டளைகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதி உங்களிடம் கொடுத்துவிடுவேன். நீங்கள் மூன்று பேரும் வரிசையாகக் கட்டிலில் உட்கார்ந்து என்னை ஏவ வேண்டும். நான் உடனே செய்ய வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் ஒரு டம்ளர் தண்ணீர் தலையில். இந்தத் தண்டனையைக் கண்டுபிடித்தது நடுவிலவன். மூத்தவள் கையில் கரண்டியோடு மேஸ்திரி மாதிரி நிற்பாள். கடைக்குட்டிக்குத் தாள் படிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த ஒரே கட்டளை "சால்தா", குதி. அதையே இருபது தரம் சொல்வாள். நானும் இருபது தரம் குதிப்பேன். அப்பாவை ஏவுகிற உரிமை கிடைத்த பிள்ளைகள் எப்படிப் படித்தீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கூல் பாடத்தில் அதில் காலே அரைக்கால் கூட உங்களிடம் பார்த்ததில்லை.

நீங்கள் "சூ!" என்று கத்தும்போதெல்லாம் பக்கத்து வீட்டு அம்மாவின் கோழிகள் சாக்கடை தாண்டி ஓடும். அந்த அம்மா ஒரு நாள் சுவர் மேலே எட்டிப் பார்த்தார். நான் அப்போது தலையில் தண்ணீர் சொட்ட, ஒற்றைக் காலில், கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன்.

"ஏம்மா, உங்க ஊட்டுக்காரருக்கு ஒடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லக்கா, படிக்கிறாரு" என்றாள் உங்கள் அம்மா.

"குதிச்சிக் குதிச்சியா?"

"எட்டாவது வரைக்கும் ஒக்காந்து படிச்சிப் பாத்தாரு. வரல."

இதைக் கேட்ட இத்தாலிக்காரருக்கு (நான் சொல்லவில்லை, செய்து காட்டினேன்) நம் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுருட்டும் கையுமாக வந்து நின்றார். உங்கள் அம்மா முதலில் முகம் கொடுக்கவில்லை. ஆட்டுக்கறிக் குழம்பும் தோசையும் வைத்தாள். அவர் எட்டு தோசை சாப்பிட்டுவிட்டு, ஒன்பதாவதால் தட்டைத் துடைத்து அதையும் வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பூசைக்கு வராட்டி இன்னா, சோத்துக்கு மரியாத தெரியுது. மோட்சம் கெடைக்கும்" என்று உள்ளே போய்ச் சொன்னாள்.

பிறகு நீங்கள் என்னை ஏவிக் காட்டினீர்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, உங்களுக்குப் புதுக் கட்டளைகள் சொல்லிக்கொடுத்தார். கதவைத் திற, இரண்டு மூடியைக் கொண்டுவா, பெரியதை அம்மாவிடம் கொடு, சின்னதை எனக்கு. ஒன்றோடு ஒன்று கோத்த நீளமான ஏவல்கள். அங்கேதான் நான் ஒற்றைச் சொல்லைத் தாண்டி வாக்கியத்துக்குள் போனேன். கடைக்குட்டி அவரையும் "சால்தா" என்றாள். அந்தக் கழுத்தில்லாத மனிதர் எழுந்து குதித்தார். கட்டிலுக்கு முட்டுக்கொடுத்திருந்த சீமாட்டிகள் அதிர்ந்தார்கள்.

ஆனால் இந்த வழியில் ஒரு சங்கடம் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன். நான் கேட்டதெல்லாம் ஏவலும் திட்டும். ஆகவே ஒரு மாத விரதம் முடிந்து வாயைத் திறந்தபோது, வெளியே வந்ததும் ஏவலும் திட்டும்தான். "டீ வந்துவிட்டது, வாருங்கள் ஐயா" என்று சொல்ல நினைத்து, "கீழே இறங்கு! டீ! சீக்கிரம்!" என்பேன். அவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இறங்கி வருவார். ஒரு நாள் இது மானேஜர் காதில் விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த டிப்ளமாவைக் கேட்டார்.

"என்ன சொல்றான் இவன்?"

"எறங்குடான்னு சொல்றான், சார். மரியாதையே கிடையாது. பாக்கறதுக்கே கூச்சமா இருக்கு."

மானேஜர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு என் பர்மனென்ட் வேலை அவர் மனசில் செத்தது என்று எனக்குத் தெரிந்தது. மேஸ்திரிகூட, "பேடப்பா, நீ பாயி முச்சு" என்றார், வேண்டாம், நீ வாயை மூடு என்று.

நாலாவது மாதக் கடைசியில் மிஷின் ஓடியது. இத்தாலிக்காரர் சொல்லச்சொல்ல நான்தான் ஓட்டினேன். மறுநாள் அவர் பம்பாய்க்கு ரயில் ஏறினார். ஸ்டேஷனில் என் இரண்டு கன்னத்திலும் மீசையால் குத்தி முத்தம் கொடுத்து, "ஆசினோ" என்றார். போவதற்கு முன் மானேஜரிடம் ஒட்டிய கவர் ஒன்று கொடுத்துவிட்டுத்தான் போனார். அவருக்கு வேறு பாஷை தெரியாதே. கடிதம் இத்தாலியில்தான் இருந்தது.

காலையில் மானேஜர் அறைக்கு டிப்ளமாவையும் என்னையும் கூப்பிட்டார்கள். மேஸ்திரியும் நின்றிருந்தார். மானேஜர் கவரைப் பிரித்துக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "படி."

வாங்கினேன். எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்துதான். ஆனால் அதில் ஒரு வரியைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. நான் படித்தது முழுக்கக் காதாலும் கையாலும். இத்தாலியை எழுத்தில் அந்தப் பழைய புத்தகத்துக்கு அப்புறம் நான் பார்த்ததே இல்லை. ஏழு வருஷம் காத்திருந்த தாள் என் கையில் இருக்கிறது, எனக்கு அது தலைகீழாக இருந்தாலும் ஒன்றுதான்.

"வராது சார்" என்றேன்.

மானேஜர் தாளை டிப்ளமாவிடம் கொடுத்தார். டிப்ளமாவுக்கு ஒரு பழக்கம். எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் அவருக்கு அர்த்தம் பிடிபடும். தொண்டையைச் செருமிக்கொண்டு, கடிதம் முழுவதையும் முதலில் இத்தாலியிலேயே, நிறுத்தி நிறுத்தி, அழகாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு மானேஜருக்குச் சொன்னார்: "டிப்ளமா படித்த கனவான் என் பாஷையை என் சொந்த மச்சானைவிட நன்றாகப் பேசுகிறார். எங்கள் கம்பெனியிலிருந்து வரும் கடிதங்களை அவரிடம் கொடுங்கள். இங்கே எனக்குக் கிடைத்த உபசாரத்துக்கு நன்றி. அவ்வளவுதான், சார்."

"நினைச்சேன்" என்றார் மானேஜர். பேனாவைத் திறந்தார்.

அவர் கடிதத்தை மடிக்க ஆரம்பித்தபோது எனக்குக் காது அடைத்தது. ஆனால் அதே காதுதான் ஒன்றைக் கேட்டிருந்தது. டிப்ளமா இத்தாலியில் படித்தபோது, கடிதங்களுக்கும் நன்றிக்கும் நடுவில், இன்னும் இரண்டு வரி இருந்தது. அதில் ஆசினோ இருந்தது. அந்தச் சொல்லை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை; நாலு மாதம் ஃபாக்டரியில் என் பெயரே அதுதான். அந்த வரியில் கை இருந்தது, வாய் இருந்தது, மிஷின் இருந்தது. கொடு என்பதும் இருந்தது. நீங்கள் எத்தனை தரம் என்னைப் பார்த்துக் கொடு என்று கத்தியிருப்பீர்கள்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் மானம் மிச்சம், வேலை போச்சு. திறந்தால் என் வாயாலேயே நான் யார் என்று சொல்ல வேண்டும். அதுவும் நான் கேட்டது சரியாக இருந்தால். தப்பாக இருந்தால் இரண்டும் போச்சு.

"சார்" என்றேன். "நடுவுல ரெண்டு வரி விட்டுட்டாரு."

"என்ன வரி?"

"நான் கழுதைன்னு எழுதியிருக்காரு, சார்."

மானேஜர் பேனாவை வைத்தார். மேஸ்திரி முன்னால் வந்து, "ஏனு? கத்தெ அந்தனா?" என்றார், கழுதை என்றா சொன்னான் என்று; அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்.

"ஆமா சார். கழுத மாதிரி பேசறேன்னு எழுதியிருக்காரு. ஆனா அவரு சொல்லி வாய மூடறதுக்குள்ள என் கை செஞ்சி முடிச்சிடுதாம், மிஷின அந்தக் கழுதகிட்ட குடுங்கன்னு எழுதியிருக்காரு."

மானேஜர் டிப்ளமாவைப் பார்த்தார். டிப்ளமா தாளைப் பிரித்து, இந்தத் தரம் வாய்விடாமல், விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். அவர் காது இரண்டும் சிவந்துபோயிற்று.

"ஆமா சார். அப்படித்தான் இருக்கு."

"பின்னே ஏன்யா விட்டே?"

"கழுதைன்னு இருந்தது, சார். ஒரு மனுஷனை எதிர்ல வச்சிக்கிட்டு எப்படிப் படிக்கறதுன்னு..."

அவர் சொன்னது நிஜமா பொய்யா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. வெளியே வந்த பிறகும் அதையேதான் சொன்னார்: "உன் மானத்தக் காப்பாத்தலாம்னு பாத்தேன்பா." "என் மானம் போனா நாளைக்குத் திரும்பி வந்துடும். வேல போனா வராது" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். அவரும் பர்மனென்ட் ஆனார், ஆபீஸில். பிறகு பல வருஷம் இத்தாலியிலிருந்து மிஷின் சம்பந்தமாகக் கடிதம் வந்தால், அவர் என் பக்கத்தில் நின்று உரக்கப் படிப்பார், நான் கேட்டுக்கொண்டே ஸ்பேனரைத் திருப்புவேன். அவருக்கு எந்த நட்டு என்று தெரியாது. எனக்கு எந்த எழுத்து என்று தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு இத்தாலிக்காரன்.

மானேஜர் அன்றைக்கு ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி என் பெயரை எழுதினார். பதினைந்தாவது தரம். மேஸ்திரி வழக்கம் போல முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "ஏனப்பா, மிஷின் கெலச கொத்தா?" என்றார். "சென்னாகி கொத்து சார்" என்றேன். நன்றாகத் தெரியும் என்று சொன்னது அதுதான் முதல் தரம்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு சந்தேகத்தோடு கேட்டாள்.

"கழுதைன்னா எழுதிக் குடுத்தாரு? கையெழுத்துப் போட்டு?"

"ஆமா."

"அதுக்கு நாலு மாசமா? என்னக் கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனே."

நீங்கள் மூன்று பேரும் அதற்குள் கட்டிலில் வரிசையாக ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். தாள் எதுவும் அன்றைக்கு நான் எழுதிக் கொண்டுவரவில்லை. பாஷைக்கு இனி அவசரமும் இல்லை. கடைக்குட்டி காத்துப் பார்த்துவிட்டு, கையை நீட்டி, "சால்தா!" என்றாள்.

நடுவிலவன் டம்ளரோடு எழுந்தான். நான் குதித்தேன்.